எண்ணெய் ஊறாத வடைப் பொட்டலம்

வருஷத்தில் ஒரு வாரம் திருவனந்தபுரத்து அரசு அலுவலகம் ஒன்றில் அத்தனை பேரும் எழுந்து நின்று, கையை நீட்டி, லஞ்சம் வாங்கவும் மாட்டோம் கொடுக்கவும் மாட்டோம் என்று உறுதிமொழி எடுப்பார்கள். அந்த நேரத்தில் உச்சிமாகாளி டீ கெட்டிலைப் பிடித்துக்கொண்டு ஹால் வாசலில் நிற்பார். உறுதிமொழி முடிந்தால்தான் டீ ஊற்ற முடியும். மலையாளம் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார் என்றாலும், வருஷா வருஷம் கேட்டுக் கேட்டு அவருக்கு அது முழுக்க மனப்பாடம் ஆகிவிட்டது. நீயும் வந்து எடு என்று யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. டீக்காரர் எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன.

வாரத்தின் கடைசி நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரவழைத்துப் போட்டி நடத்துவார்கள். ஓவியம், கட்டுரை, பேச்சு. மேடைக்குப் பின்னால் கட்டுகிற துணி பேனர் எப்போதும் ஒரே பேனர்தான்; வருஷத்தை மட்டும் வெள்ளைத்தாளில் எழுதி மேலே ஒட்டிவிடுவார்கள். ஒட்டி ஒட்டி அந்த இடம் தடித்துப்போய், காற்றடித்தால் போன வருஷம் எட்டிப் பார்க்கும். பிள்ளைகள் வரைவதும் கிட்டத்தட்ட ஒன்றேதான். மேஜைக்கு அடியில் ஒரு கை கொடுக்கும், இன்னொரு கை வாங்கும், குறுக்கே சிவப்பில் பெருக்கல் குறி. போட்டி முடிந்ததும் அந்தச் சார்ட்டுகள் பழைய சாமான் அறைக்குப் போகும். அங்கிருந்து நாலைந்தை வாங்கிவந்து, உச்சிமாகாளி தன் கடையின் பின்தட்டியில் மழைச்சாரலுக்கு மறைப்பாக அடித்திருந்தார். நல்ல கெட்டித் தாள், இரண்டு மழைக்காலம் தாங்கும்.

உச்சிமாகாளிக்கு ஊர் வள்ளியூர்ப் பக்கம். மீசை அரும்பிய வயதில் கொத்தனார் கூட்டத்தோடு திருவனந்தபுரத்துக்கு வந்தவர். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குக் கட்டடங்கள் எழும்பிய காலத்தில், சாரத்தின் மேல் நின்று சாந்துச்சட்டி வாங்கிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். ஒருநாள் சாரக்கம்பு இளகிக் கீழே விழுந்ததில் வலது முழங்கால் போயிற்று. மேஸ்திரி ஆஸ்பத்திரி வரைக்கும் கூட வந்தார். அதற்கப்புறம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நொண்டிக் காலோடு ஊருக்குப் போய் யார் முகத்தில் விழிப்பது என்று நினைத்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹோட்டலில் கிளாஸ் கழுவ உட்கார்ந்துவிட்டார். பிற்பாடு அந்தக் கட்டடங்களைத் தாண்டி பஸ்ஸில் போகும்போதெல்லாம் மகளிடம், "இது அப்பா கட்டுனதாக்கும்" என்பார். முழங்கால் கதையைச் சொல்ல மாட்டார்.

கல்யாணம் ஆனதும் வலியசாலையின் பின்சந்தில் ஒற்றை அறை வாடகைக்குக் கிடைத்தது. மனைவி இசக்கியம்மாள் நாலு தெரு தள்ளி ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள். அது அந்த அலுவலகத்துச் சூப்ரண்டு ஸ்ரீகண்டன் வீடு. அந்த வீட்டிலிருந்துதான் இவர்களுக்கு எல்லாம் வந்தது.

ஸ்ரீகண்டன் சார் கெட்டவர் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால் சௌகரியமாக இருக்கும். ஆனால் மனுஷர் அப்படியில்லை. காய்ச்சல் என்றால் மாத்திரை கொடுத்துவிடுவார். ஓணத்துக்குப் புதுத்துணி எடுத்துக் கொடுப்பார். கிளாஸ் கழுவிக் கழுவி உச்சிமாகாளியின் விரலிடுக்கெல்லாம் புண்ணாகிவிட்டது என்று இசக்கியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, அவர் யாரிடமோ ஒரு வார்த்தை சொன்னார். அலுவலக மதிலை ஒட்டி டீக்கடை போட இடம் கிடைத்தது. மகள் அஜிதாவுக்கு நல்ல பள்ளிக்கூடத்தில் இடமில்லை என்று கைவிரித்தபோது மறுபடியும் ஒரு வார்த்தை சொன்னார், இடம் வந்தது. இத்தனைக்கும் அவர் எதையும் சொல்லிக்காட்டியதே கிடையாது. அதனாலேயே உச்சிமாகாளிக்கு அவர் முன்னால் நிமிர்ந்து நிற்க வராது.

பொட்டல விவகாரம் ஆரம்பித்ததும் அப்படித்தான், யாரும் எதுவும் சொல்லாமல். அலுவலகத்தில் காரியம் ஆக வேண்டியவர்கள் மத்தியானத்துக்கு மேல் கடைக்கு வருவார்கள். டீ குடிப்பார்கள். "மூலை ரூம் சாருக்கு ரெண்டு பருப்பு வடை கட்டுங்க" என்பார்கள். மூலை ரூம் சார் என்றால் ஸ்ரீகண்டன் சார்தான். உச்சிமாகாளி செய்தித்தாளில் கட்டிக் கொடுப்பார். ஆள் அதை எடுத்துக்கொண்டு காருக்குப் போய், கொஞ்ச நேரத்தில் திரும்பிவந்து, "உள்ள கொண்டுபோய் கொடுத்திருங்க" என்று பெஞ்சில் வைத்துவிட்டுப் போவார். சுடச்சுட வடையைச் சுற்றினால் வாசல் தாண்டுவதற்குள் தாளில் எண்ணெய் ஊறிவிடும். திரும்பிவரும் பொட்டலத்தில் ஒரு சொட்டு எண்ணெய் இருக்காது. கார் நின்ற இடத்தில் காக்கைகள் வடையைப் பிய்த்துக்கொண்டிருக்கும். அந்த மதிலோரத்துக் காக்கைகள் மாதிரிக் கொழுத்த காக்கைகளை ஊரில் வேறெங்கும் பார்க்க முடியாது.

உச்சிமாகாளி எந்தப் பொட்டலத்தையும் பிரித்ததில்லை. டீத்தட்டில் கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்து எடுத்துப்போய் மேஜையில் இறக்கிவிட்டு வருவார். அவருக்கு அதில் தம்பிடி கிடையாது. விஷயம் தெரியுமா என்றால், தெரியும். முதல் நாளே தெரியும். ஆனால் பிரித்துப் பார்க்காதவரை தெரியாது என்று சொல்லிக்கொள்ள ஒரு சந்து இருக்கிறதே, அதில்தான் இத்தனை வருஷம் குடியிருந்தார். காலும் வலித்தது, வாழ்க்கையும் வலித்தது. புதிதாக ஒரு வம்பை விலைக்கு வாங்க அவரிடம் தெம்பு இல்லை.

அஜிதா பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்குத்தான் வருவாள். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். சின்னவளாக இருந்தபோது ஒருநாள் அந்தப் பெஞ்சில் கிடந்த பொட்டலத்தின் முடிச்சில் கை வைத்துவிட்டாள். உச்சிமாகாளி சுள்ளென்று ஒன்று வைத்தார். மகளை அவர் அடித்தது அந்த ஒரு தடவைதான். அழுதவளைத் தூக்கி வைத்துக்கொண்டு, "நமக்குள்ளது இல்லாதத நாம தொறக்கப்படாது மக்கா. அப்பா ஒருநாளும் தொறந்ததில்ல, பாத்தியா?" என்றார். எதையாவது சொல்லி அழுகையை நிறுத்த வேண்டுமே என்று சொன்னது. பிள்ளை அதை மனசில் எழுதி வைத்துக்கொண்டது அவருக்குத் தெரியாது.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம். அஜிதா ஆறாம் வகுப்பு. அந்த வருஷப் பேச்சுப் போட்டிக்குத் தலைப்பு, 'நான் கண்ட நேர்மையான மனிதர்.' ஒரு வாரமாக வீட்டில் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு மலையாளத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டால் சிரித்தாள்.

"அப்பா அன்னைக்கு ஹால்ல இருக்கணும், கேட்டோ?"

"நா இல்லாம யாருட்டி டீ ஊத்துவா?"

"டீ ஊத்துறதில்ல. நா பேசறப்ப கெட்டில கீழ வச்சிட்டு கேக்கணும்."

"சரி, கேக்கேன்" என்றார். அந்த வாரம் முழுக்க அவருக்கு முதுகு நிமிர்த்த நேரமில்லை. வழக்கமான டீயோடு விழாவுக்கான டீ, வடை, சமோசா எல்லாம் அவர் தலையில்தான்.

விழா அன்று மேடையில் சிறப்பு விருந்தினராக ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், போட்டியை முன்னின்று நடத்துகிறவர் என்ற முறையில், ஸ்ரீகண்டன் சார். அஜிதாவுக்கு முன்னால் பேசிய பிள்ளைகள் தேசத்தலைவர்களைப் பற்றிப் பேசினார்கள். பாதிக் கூட்டம் கொட்டாவி விட்டது. அஜிதா மேடையேறினாள். உச்சிமாகாளி சொன்ன சொல் தவறாமல் கெட்டிலைக் கீழே வைத்தார்.

மலையாளத்தில் அவள் பேசியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"நான் பார்த்ததிலேயே நேர்மையான மனிதர் என் அப்பா. அவர் இந்த ஆபீஸ் வாசலில் டீக்கடை வைத்திருக்கிறார். தினமும் பெரிய பெரிய ஆட்கள் காரில் வந்து, மூலை ரூம் சாருக்குக் கொடுக்கச் சொல்லி அவரிடம் பொட்டலம் தருவார்கள். வேறு யாரையும் அவர்கள் நம்ப மாட்டார்கள், என் அப்பாவை மட்டும்தான் நம்புவார்கள். அப்பா இதுவரை ஒரு பொட்டலத்தைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை. அதில் வடை இருப்பதாகச் சொல்வார்கள். ஆனால் வடையைக் காக்காவுக்குப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். அப்படியானால் உள்ளே வேறென்ன இருக்கும் என்று அப்பாவிடம் கேட்டேன். நம்முடையது இல்லாததை நாம் திறக்கக் கூடாது என்று சொன்னார். என் அப்பாவைப் போல எல்லோரும் இருந்தால் நம் நாட்டில் ஊழலே இருக்காது."

 பின்வரிசையில் யாரோ ஒரு கிளார்க், "வட காக்கைக்கு, பொதி சாரினு" என்றார், வடை காக்காவுக்கு, பொட்டலம் சாருக்கு என்று. சிரிப்பு அங்கே ஆரம்பித்து வரிசை வரிசையாக முன்னால் வந்தது. டைப்பிஸ்ட் அம்மா ஒருவர் சேலைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டார். முதல்வருக்கு விவரம் பிடிபடவில்லை. பிள்ளை ஏதோ வேடிக்கையாகப் பேசியிருக்கிறது என்று அவரும் சிரித்தார். அஜிதா மைக்குக்கு முன்னால் நின்றபடி எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.  உச்சிமாகாளி, ஓடிப்போய் மகளைத் தூக்கிக்கொண்டு எங்கேயாவது போய்விட வேண்டும் என்று நினைத்தார். ஆனால் நின்ற இடத்திலேயே நின்றார்.

அப்போது ஸ்ரீகண்டன் சார் எழுந்து கை தட்டினார். மலர்ந்த முகத்தோடு, பலமாக, விடாமல் தட்டினார். அவர் தட்டியதும் எல்லோரும் தட்ட வேண்டியதாயிற்று. முதல் பரிசும் அஜிதாவுக்குத்தான். சான்றிதழை அவரே கொடுத்து, தலையைத் தடவி, போட்டோவுக்கு நின்றார். டீ வாங்கும்போது உச்சிமாகாளியிடம், "மோள் மிடுக்கியாணு, கேட்டோ உச்சீ. கெட்டிக்காரி, நல்லா வரும்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால்கூட உச்சிமாகாளி அன்று ராத்திரி தூங்கியிருப்பார்.

சாயங்காலம் அப்பனும் மகளும் ஒரே குடையில் வீட்டுக்கு நடந்தார்கள். துலா மாசத்து மழை பிடித்துக்கொண்டிருந்தது. சான்றிதழை நனையாமல் சட்டைக்குள் வைத்திருந்தாள்.

"அப்பா, எல்லாரும் எதுக்கு சிரிச்சாங்க?"

"காக்கா கதையக் கேட்டு சிரிச்சிருப்பாங்க மக்கா."

"இல்ல, அது வேற சிரிப்பு." சட்டைக்குள் இருந்த சான்றிதழைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அந்தப் பொதியில என்னப்பா இருக்கும்?"

"அப்பா தொறந்து பாத்ததில்லையே."

"தொறக்கலேன்னாலும் தெரியும் அல்லே?"

மழை வலுக்கிறது, சீக்கிரம் நட என்றார் உச்சிமாகாளி. அவரால்தான் சீக்கிரம் நடக்க முடியவில்லை.

அதற்கப்புறம் பொட்டலம் வருவது நின்றது. அலுவலகத்துக்குள் டீ கொண்டுபோனால், "சத்யசந்தன் வந்நு", நேர்மையாளன் வந்துவிட்டான், என்று ஒருவருக்கொருவர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அஜிதாவைப் பார்த்துக் காக்கா மாதிரிக் கத்தினார்கள். பெரியவர்கள் வீட்டில் பேசுவது பிள்ளைகள் காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும். அஜிதா வழக்கம்போலக் கடைக்கு வந்தாள், பெஞ்சில் உட்கார்ந்தாள், எழுதினாள். ஆனால் யாராவது காரை விட்டு இறங்கினால் பென்சிலை நிறுத்திவிட்டு அப்பாவின் கையையே பார்த்தாள். உச்சிமாகாளிக்கு அது தாங்கவில்லை. இனிமேல் ஒரு பொட்டலமும் வரக் கூடாது என்று போகிற வழியில் இருந்த சாமிக்கெல்லாம் கும்பிடு போட்டார். கடை போனால்கூட எங்கேயாவது கிளாஸ் கழுவிக்கொள்ளலாம், இந்தப் பிள்ளையின் பார்வை மட்டும் மாறிவிடக் கூடாது. அவருக்கென்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

ஒரு மழை நாளில் உள்ளே டீ கொடுத்துவிட்டுத் திரும்பினால், பெஞ்சில் பொட்டலம். தாளெல்லாம் நனைந்திருந்தது. அஜிதா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஒராளு வந்தாருப்பா. மூலை ரூம் சாருக்கு ரெண்டு வடை கேட்டாரு, நாந்தான் கட்டிக் கொடுத்தேன். கார் வரைக்கும் கொண்டுபோயிட்டு திரும்பக் கொண்டுவந்து வச்சாரு." பிறகு மதில் பக்கம் பார்த்தாள். "மழை பெய்யுதல்லே. அதான் காக்கா ஒண்ணும் வரல."

கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கேட் வாட்ச்மேனும் எட்டிப் பார்த்தார். உச்சிமாகாளி பொட்டலத்தைத் தட்டில் வைத்தார். இரண்டு எட்டு எடுத்து வைத்தார். முதுகில் மகளின் கண் குத்தியது. அவருக்குச் சலிப்பு தலைக்கேறியது. ஸ்ரீகண்டன் சார் மேல், கார்க்காரன் மேல், தன் காலின் மேல், இந்த மழையின் மேல், எல்லாவற்றின் மேலும். நாசமாய்ப் போகட்டும் என்று தட்டைப் பெஞ்சில் வைத்து, எல்லோருக்கும் முன்னால் நூலை அறுத்துத் தாளைப் பிரித்தார்.

விரலில் எண்ணெய் ஒட்டியது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மழை ஈரத்தில் எது தண்ணீர் எது எண்ணெய் என்று கவனிக்காமல் விட்டுவிட்டார். உள்ளே இரண்டு பருப்பு வடை இருந்தது. வேறு எதுவும் இல்லை.

கடையே சிரித்தது. ஊர் வாய்க்குப் பயந்து ஸ்ரீகண்டன் சார் கொஞ்ச நாளைக்கு வடை மட்டும் போதும் என்று சொல்லி வைத்திருந்தாரா, அல்லது அந்த ஆள் காரிலிருந்த கூட்டாளியிடம் கேட்டுவிட்டு நிஜமாகவே சாருக்கு வடைதான் கொடுத்தனுப்பினாரா, யாருக்குத் தெரியும். வாட்ச்மேன் உள்ளே போன வேகத்தில் திரும்பிவந்து, சார் விளிக்குன்னு, உன்னைக் கூப்பிடுகிறார் என்றார்.

ஸ்ரீகண்டன் சார் கோபப்படவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு வந்த பொதிய நீ எதுக்குத் தொறந்தே, உச்சீ?"

உச்சிமாகாளி விரலில் ஒட்டியிருந்த எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"உள்ள வடைதானே இருந்தது?"

"ஆமா சார்."

"பின்ன? உன் மோள் மேடையில என்ன சொல்லிச்சு? நமக்குள்ளது இல்லாதத தொறக்கக் கூடாதுன்னல்லே சொல்லிச்சு? நா உன்ன அத்தன நம்பினேன்." அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "மதில் பக்கத்துக் கடையப் பத்தி மேலருந்து ஏற்கனவே புகார் உண்டு. இனி எனக்கு ஒண்ணும் செய்ய முடியாது. இந்த மாசத்தோட எடுத்துக்கோ. இசக்கிகிட்டயும் நாளை முதல் வர வேண்டாம்னு சொல்லிரு."

உச்சிமாகாளி தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். லஞ்சப் பொட்டலம் சுமந்த வரைக்கும் ஒரு குறையும் இல்லாமல் இருந்த பிழைப்பு, இரண்டு வடையைப் பிரித்ததில் போய்விட்டது. சிரிப்பதா அழுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

கடையில் ஆட்கள் கலைந்திருந்தார்கள். அஜிதா பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வடையைக் கடித்துக்கொண்டிருந்தாள். இன்னொன்றை அவருக்காக வைத்திருந்தாள். விழாவுக்கு அப்புறம் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் பார்த்ததில்லை.

"கண்டோ அப்பா! வடைதான்! எல்லாரும் சும்மா சிரிச்சிருக்காங்க. நாளைக்கு கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன். நீ சொன்னது சரிதான், நா சொன்னதும் சரிதான்."

உச்சிமாகாளி பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலை நீட்டினார். ஆமாம் மக்கா என்று சொன்னால் போதும். கடை போனாலும் இது மிஞ்சும். யாரும் இனி அதை அவரிடமிருந்து பிடுங்க முடியாது. கையில் பிரித்த வடையே சாட்சி. சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தார். ஆனால் நாளைக்கு அவள் வகுப்பில் எழுந்து நின்று சொல்வதும், பிள்ளைகள் மறுபடி கா கா என்று கத்துவதும் அவர் கண்ணுக்கு முன்னால் வந்தது. இவளும் பிரிக்காத பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா என்று நினைத்தார்.

"அஜிதா."

"ம்?"

"இன்னைக்கு மட்டுந்தான் மக்கா வடை. மத்த நாளெல்லாம் அது லஞ்சம். அப்பாவுக்குத் தெரியும்."

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். மழை தட்டியில் அடித்துக்கொண்டிருந்தது.

"எப்போ தொட்டு தெரியும்?"

"முதல் நாள் தொட்டு."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். தன் கையில் அடிப்பாள் என்றுகூட நினைத்தார்.  கடித்த வடையை மற்றதோடு சேர்த்துத் தாளில் வைத்தாள். நாலு பக்கமும் மடித்து, மூலையை உள்ளே செருகி, அவர் கட்டுவது மாதிரியே கட்டினாள். அதை இரண்டு பேருக்கும் நடுவில் பெஞ்சில் வைத்துவிட்டு, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தாள். உச்சிமாகாளி அந்தப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தாள் முழுக்க எண்ணெய் ஊறி, பெஞ்சு வரைக்கும் இறங்கியிருந்தது.